‘போதும்’ என்னும் சொல்

நம் உடலுக்குள் ‘போதும்’ என்று ஒரு சொல் ஒலிக்கிறது. காயமுற்ற திசுக்களில் அடினோசின் என்னும் பொருள் திரள்கிறது. கிருமிகளோடு போரிடும் டி-அணுக்கள் தங்கள் மேலுள்ள ஏற்பியின் வழியே அதை உணர்ந்ததும் சீற்றம் தணிகின்றன. பகையை விரட்ட வந்த படை சொந்த வீட்டைக் கொளுத்திவிடாதபடி அமைந்த காவல் இது. மிகைல் சிட்கோவ்ஸ்கியும் அகியோ ஓட்டாவும் 2001-இல் இந்த ஏற்பி இல்லாத எலிகளை ஆராய்ந்தனர். மற்ற எலிகளுக்குச் சிறு தீங்கே விளைத்த அழற்சி, இவற்றின் ஈரலைப் பெரிதும் சிதைத்தது.

2006-இல் இவர்களின் ஆய்வே மறுபக்கத்தையும் காட்டியது. புற்றுக்கட்டியும் அடினோசினைத் திரட்டி, அந்தச் சொல்லைத் தன் கேடயமாக்கிக்கொள்கிறது. குளுக்கோசைத் தானே உண்டு, லாக்டிக் அமிலத்தைக் கழிக்கிறது. பிராணவாயுவும் அங்கே அரிது. மரபணு மாற்றிய டி-அணுக்கள் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாக 2017-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டன. திண்மக் கட்டிகளுக்குள்ளோ அத்தகைய அணுக்கள் பெரும்பாலும் பசித்துச் சோர்ந்துவிடுகின்றன. ஆகவே, மெல்பர்ன் ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து அடினோசின் ஏற்பியையே நீக்கினர். எலிகளில் அவை கட்டிகளை முன்னிலும் வலிமையாகத் தாக்கியதை 2021-இல் அறிவித்தனர்.

‘போதும்’ என்பதைக் கேளாத போர்வீரனை உருவாக்குவது தகுமா?

குணமாக்கும் நோக்கத்தோடு மட்டும் உடல் அணுக்களின் மரபணுவைச் சீர்செய்வது கொள்கையளவில் ஏற்புடையதே என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2008-இல் உரைத்தது. அம்மாற்றம் பிள்ளைகளுக்குச் செல்வதில்லை. திருடன் களவாடிய சொல்லுக்குக் கீழ்ப்படியாதிருப்பதும் குற்றமாகாது.

எனினும், செவிடாக்கப்பட்ட அணு திருடனின் குரலையும் கேளாது, வீட்டுத் தலைவனின் குரலையும் கேளாது. அணுவிடமிருந்து நாம் எடுத்த அடக்கத்தை வேறொருவர் சுமந்தாக வேண்டும். அதற்கும் வழி காணப்பட்டுள்ளது. உடலில் செலுத்திய டி-அணுக்களுக்குள் முன்கூட்டியே ஒரு தடையை வைத்து, தீங்கு நேர்ந்தபோது ஒரு மருந்தால் அவற்றுள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றை 30 நிமிடங்களுக்குள் அழித்ததை அமெரிக்க மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்டனர். வேகத்தைக் கூட்டுவோர் தடையையும் சேர்த்தே செய்வது அறம்.

ஆனால், கருவியில் வைத்த தடையோடு கடமை முடிந்துவிடுவதில்லை. புதிய சிகிச்சை முதலில் வந்து சேர்வது வேறு வழியற்ற நோயாளியிடமே. நம்பிக்கை மிகுந்த மருத்துவரும் அன்பு மிகுந்த குடும்பத்தாரும் “இன்னும் ஒருமுறை” என்பார்கள். அளவுக்கு மீறிய சிகிச்சையை ஏற்க யாரும் கடமைப்பட்டவரல்லர் என்பது திருச்சபையின் நெடுநாளைய போதனை. படுக்கையில் கிடப்பவர் ஒருநாள் மெல்லிய குரலில் “போதும்” எனலாம். அணுக்களின் செவியை அடைக்கக் கற்ற நாம், அந்தக் குரலுக்கு நம் செவியைத் திறந்து வைத்திருக்கிறோமா?