பாட்டி சொன்ன சொல்லுக்குப் பதிப்புரிமை

அமெரிக்காவின் வடக்கு, தெற்கு டகோட்டா மாநிலங்களில் பரந்திருக்கும் ஸ்டாண்டிங் ராக் பழங்குடியினரின் மன்றம், 2022 மே மாதம் ஒரு நிறுவனத்தைத் தன் எல்லைக்குள் வரக்கூடாதென்று விலக்கி வைத்தது. லகோட்டா மொழியைக் காப்பாற்ற வந்த கூட்டமைப்பு அது. முதியவர்களின் பேச்சை ஆண்டுக்கணக்கில் ஒலிப்பதிவு செய்து, அகராதியும் பாடநூல்களும் வெளியிட்டது. தன் பாட்டியின் பதிவுகளைப் பேரன் ஒருவர் கேட்டபோதுதான், பதிப்புரிமை நிறுவனத்தின் கையில் இருப்பது தெரிந்தது. பாட்டிகள் வாரிக் கொடுத்த சொற்கள் அவர்கள் ஊருக்கே விலைக்கு வந்தன.

சட்டம் எந்தப் பக்கம் நின்றாலும் இது அறமன்று.

வள்ளுவர் வெஃகாமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். போதாதென்று கள்ளாமைக்கும் ஒன்று வைத்தார். பிறர் பொருளைக் கவர நினைப்பதையே தீது என்றார். கல்வியைக் கள்வர் கொண்டுபோக முடியாத செல்வமாக நாலடியார் போற்றுகிறது. ஒலிநாடா வராத காலத்து நம்பிக்கை அது. நன்னூலோ பாடம் கேட்பவன் ஆசிரியர்முன் எப்படிப் பணிந்திருக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறது. ஒலிவாங்கியோடு போகும் ஆய்வாளர்தான் அங்கே மாணாக்கர். பாயில் உட்கார்ந்து, கேட்ட சொல்லையே சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லும் கிழவிதான் ஆசிரியர். ஆசிரியரின் பாடத்தை மாணாக்கன் தன் பெயரில் பட்டா போட்டுக்கொள்ளலாமா? ஊர் ஊராக அலைந்து ஏடு தேடிய உ.வே.சா., தமக்கு ஏடு தந்தவர்களை முன்னுரைகளில் பெயர் சொல்லி நன்றியோடு குறித்தார். செய்ந்நன்றி அறிதல் என்பது அதுதான்.

லகோட்டா சொற்களைக் கொடுத்தவர்கள் யார்? தாய்மொழி பேசியதற்காக உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் தண்டிக்கப்பட்ட இனத்தின் முதியவர்கள். அவ்வளவுக்குப் பிறகும் ஒளிக்காமல் கொடுத்தார்கள்.

மொழி அழியும் முன் பதிவு செய்துவிட வேண்டிய அவசரம் என்றொரு வாதம் உண்டு. அந்தமானில் போ மொழி பேசிய கடைசி மனிதர் போவா மூதாட்டி 2010 ஜனவரியில் மறைந்தார். பதில் பேச ஆளில்லாமல் பறவைகளிடம் பேசியவர். மொழியியலாளர் அன்விதா அப்பி பதிவு செய்ததால் அவர் குரல் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. உண்மைதான். அந்த அவசரம் பதிவு செய்வதற்கு நியாயமாகும். பூட்டி வைப்பதற்கு ஆகாது.

நியூசிலாந்தில் தே ஹிக்கு மீடியா என்ற மாவோரி ஊடக நிறுவனம் 300 மணி நேரத்துக்கு மேற்பட்ட பேச்சுப் பதிவுகளைத் திரட்டியது. தன்னை அவற்றின் காப்பாளர் என்றுதான் சொல்லிக்கொள்கிறது, உரிமையாளர் என்றல்ல. அது செய்வதை மற்றவர்களும் செய்யலாம்.

ஒலிப்பதிவின் முதல் பிரதி, பேசியவரின் வீட்டுக்குப் போக வேண்டும். நூலின் அட்டையில் அவர் பெயர் வர வேண்டும். பல்கலைக்கழக அலமாரிகளில் ஏற்கெனவே கிடக்கும் ஒலிநாடாக்களுக்கும் இது பொருந்தும்: வாரிசுகளைத் தேடிப் பிடித்துப் படியெடுத்துக் கொடுக்கும் செலவு, பதிவு செய்த நிறுவனத்தைச் சேர்ந்தது.