விலக்கி வைத்தல் காப்பாகுமா?

தாயையும் சேயையும் காக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு எவருக்கும் இல்லை. ஆனால் காத்தல் என்றால் என்ன என்று கேட்டால், பெரும்பாலும் விலக்கி வைத்தல் என்றே பொருள் கொள்கிறோம். கருவுற்றவளுக்கு இது ஆகாது, அது ஆகாது என்று செஞ்சியிலும் தொண்டூரிலும் மூத்தோர் வகுத்த விலக்குகள் பல. அவற்றின் வேர் அன்பே. எனினும் விலக்குவது எப்போதும் காப்பாகுமா? கொரோனாக் கொள்ளைநோய் இவ்வினாவை நம்முன் வைத்துச் சென்றுள்ளது.

மருத்துவ உலகின் அச்சத்திற்கும் காரணம் உண்டு. 1950-களின் இறுதியில் கர்ப்பிணிகளின் குமட்டலைத் தணிக்கத் தரப்பட்ட தாலிடோமைடு மருந்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையுடன் பிறந்தன. அதன்பின் மருந்தாய்வுகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்காதிருப்பதே அறம் எனக் கருதப்பட்டது. ஆனால் அக்கேடு சோதித்ததால் வந்ததன்று. போதிய அளவு சோதியாமல் வழங்கியதால் வந்தது.

கொரோனாத் தடுப்பூசியின் தொடக்க ஆய்வுகளிலும் கர்ப்பிணிகள் சேர்க்கப்படவில்லை. எனவே 2021 ஜனவரி 16-இல் நம் நாட்டில் தடுப்பூசிப் பணி தொடங்கியபோது அவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. பின்னர் இரண்டாம் அலை வந்தது. முதல் அலையில் நோயுற்ற கர்ப்பிணிகள், அண்மையில் மகப்பேறு கண்டோர் ஆகியோரிடையே 0.7 விழுக்காடாக இருந்த இறப்பு, இரண்டாம் அலையில் 5.7 விழுக்காடாக உயர்ந்ததென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூனில் தெரிவித்தது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட நடுவண் அரசு இசைந்தது ஜூலை 2-ஆம் நாள். அதற்குள் அலையின் உச்சம் கடந்துவிட்டது.

இதில் எவரையும் கொடியவர் எனல் தகாது. சான்றுகள் குறைவாக இருந்த காலம் அது. ஆயினும் சான்று ஏன் குறைந்தது? தேடாததால் அன்றோ!

கருப்பை வளர வளர நுரையீரல் விரிய இடம் குறைகிறது. ஆகவே நோயுற்ற கர்ப்பிணிக்குத் தீவிர சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு மிகுதி. குறைப்பிரசவமும் கருவிலேயே குழந்தை இறத்தலும் கூடின. கருவிலிருக்கும் குழந்தையை நோய்க்கிருமி நேரே தொற்றுவதோ அரிது. எனினும் தாயின் நோய் சேய்க்கும் இடராக அமைந்தது. மாறாக, தாய் பெறும் தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்பாற்றல் நஞ்சுக்கொடி வழியே சேயையும் சேர்கிறது. தாயை விட்டுச் சேயைக் காக்க வழியில்லை என்பதை உடலே உரைக்கிறது.

பிறந்த குழந்தையைத் தொற்றுற்ற தாயிடமிருந்து பிரிக்கும் வழக்கமும் 2020-இல் பல நாடுகளில் இருந்தது. தாய் முகக்கவசம் அணிந்து, கைகழுவிப் பாலூட்டலாம். இருவரையும் பிரிக்க வேண்டாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்தியது.

தடுப்பூசி உருவான முறை குறித்து மனம் கலங்கிய நம் மக்களும் உண்டு. வேறு வழியில்லாத நிலையில் அதைப் பெறுவது அறநெறிக்கு முரணன்று என 2020 டிசம்பரில் திருப்பீடம் தெளிவுபடுத்தியது.

செய்த தீமைக்கு மட்டுமன்று, செய்யத் தவறிய நன்மைக்கும் நாம் பொறுப்பாளிகள் எனத் திருச்சபை கற்பிக்கிறது. முதிர்வயதில் கருவுற்ற எலிசபெத்தை நாடி மலைநாட்டிற்கு விரைந்தார் அன்னை மரியா. வழியின் இடர்களை எண்ணி அவர் விலகி நிற்கவில்லை. நம் தெருவில் சூல் கொண்டவள் ஒருத்தி இருப்பின், அவளுக்கு ஆகாதவற்றைப் பட்டியலிடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. அவளுக்கு எது தேவை என அறிந்து, உரிய காலத்தில் அது அவளைச் சென்றடையச் செய்வதே காவல்.