ஜீப் திரும்பிய பிறகு

1958, கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தல். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு மலையேறி, தோட்டத் தொழிலாளர்களுக்கு அவர்கள் பேச்சிலேயே பாடினார். கூட்டம் சேர்ந்தது; அவர் ஆதரித்துப் பாடிய வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அண்ணன் வரதராசனின் குழுவில் பெண்குரலில் பாடிப் பழகிய சிறுவன்தான் இளையராஜா. தெருவோர மேடையே அவருக்கு முதல் பள்ளிக்கூடம்.

இன்றும் விடியுமுன் போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களில் கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். கலைப் பயிலரங்கம் நடத்துகிறவர்களே, தயவுசெய்து காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள். போடிமெட்டு வழியாக ஜீப் இறங்கி, அவர்கள் உலை வைத்து, சோறு வடித்து முடிக்கட்டும். பிறகு தெருமுனையிலேயே ஜமுக்காளம் விரித்து அவர்களைப் பாடச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.