எழுந்துபோக முடியாத கதிரை

1996இல் எழுதுவினைஞராகச் சேர்ந்தபோது இரண்டு வருடங்கள் மட்டும் இருப்பதென்று நினைத்திருந்தேன். கையில் ஒரு கலைமாணிப் பட்டமும் மனதில் தமிழாசிரியனாகும் ஆசையும் இருந்தன. பின்னர் பதவியின் பெயர் முகாமைத்துவ உதவியாளர் என்று மாறியது. மேசை மாறவில்லை. கோவைகள் மாறவில்லை. இன்னும் சில வருடங்களில் அறுபது வயதாகி ஓய்வு பெறப்போகிறேன். விரும்பாத வேலையை விடவும் முடியாமல் இத்தனை காலம் செய்த ஒருவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றி எனக்குள் இருந்த கேள்வியை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஏன் விடவில்லை என்று நண்பர்கள் கேட்பார்கள். வாப்பா மௌத்தானபோது வீட்டில் மூன்று குமர்கள். எங்கள் கிழக்குப் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் ஒப்பேறுவது அரிது. சீதனம் பிழை என்று கவியரங்குகளில் பாடினோம். மேடையிலிருந்து இறங்கியதும் கல்லுக்கும் சீமெந்துக்கும் காசு தேடினோம். பத்து மாதச் சம்பளத்தை இடர் கடனாக எடுத்தேன். கூட வேலைசெய்த இருவர் பிணை நின்றார்கள். நான் விலகினால் அவர்களுடைய சம்பளத்தில் கை வைப்பார்கள். இடையில் ராஜினாமாச் செய்தால் ஓய்வூதியமும் இல்லை. மூத்த தங்கைக்குக் கட்டிய வீட்டின் கடன் முடிய, அடுத்தவளுக்கு அத்திவாரம் வெட்டினோம். வருடங்கள் அப்படித்தான் போயின.

மனக்குறையை வெளியே சொன்னால் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். ஒன்று, "எத்தன பட்டதாரிகள் வேலையில்லாமத் திரியிறாங்க, உனக்கென்ன குறை?" என்பது. மற்றது, "சபூர் செய்" என்பது. இரண்டும் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுபவை. இரண்டும் பேச்சை அத்தோடு முடித்துவிடுபவை. அடுத்தவனுக்கு வேலை இல்லை என்பது என் வேலை எனக்குப் பொருந்துகிறது என்பதற்கு ஆதாரமாகாது. சபூர் என்பதும் வலிக்கவில்லை என்று சொல்வதல்ல. நபி அய்யூப் அவர்கள் தமது துன்பத்தை இறைவனிடம் வாய்விட்டு முறையிட்டார்கள். அதனால் பொறுமையாளர் என்ற பெயரை அவர்கள் இழந்துவிடவில்லை. துன்பத்தை உணர்ந்துகொண்டே, அதைச் சாட்டாக வைத்துத் தவறு செய்யாதிருப்பதுதான் சபூர் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். இந்த விளக்கம் எனக்குக் கிதாபுகளிலிருந்து வரவில்லை. ஒரு மூதாட்டியிடமிருந்து வந்தது.

2011இல் நான் ஓய்வூதியக் கிளையில் இருந்தேன். ஆஸ்பத்திரியொன்றில் சிற்றூழியராக இருந்து காலமான ஒருவருடைய மனைவி, விதவைகள் ஓய்வூதியத்துக்காக வந்தார். இந்த ஓய்வூதியத்துக்கு 1898ஆம் ஆண்டிலேயே கட்டளைச்சட்டம் ஆக்கிவிட்டார்கள். மாதாமாதம் எங்கள் சம்பளத்திலிருந்தும் அதற்கு ஒரு தொகை கழிபடுகிறது. நிருவாகத்துக்கு வேண்டியதெல்லாம் கடதாசி. எங்கள் சமூகத்தில் கடதாசிதான் சிக்கல். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி பதிவு இல்லை என்பதற்காக மட்டும் ஒரு நிக்காஹ் செல்லாமற் போவதில்லை. ஆகவே பழைய காலத்தில் பலர் பதிவைப் பெரிதாக எண்ணவில்லை. பதிந்தவர்களுக்கோ வேறு தொல்லை. பெயரை ஒவ்வொரு பதிவாளரும் தமது காதுக்குக் கேட்டபடி எழுதிவிட்டார்கள். இந்த மூதாட்டியின் விவாகச் சான்றிதழில் 'உம்மா' என்று முடிந்த பெயர், அடையாள அட்டையில் 'பீவி' என்று முடிந்திருந்தது.

அன்று காலைதான் எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. ஆசிரிய நியமனமொன்றுக்கு நேர்முகப் பரீட்சை வரை போயிருந்தேன். என்னைச் சேவையிலிருந்து விடுவிக்க இயலாது என்பதே கடிதத்தின் சாரம். அதை லாச்சிக்குள் வைத்துவிட்டு மூதாட்டியின் பத்திரங்களைப் புரட்டினேன். மூன்று குறைகள் இருந்தன. கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி இல்லை. பெயர் வேறுபாட்டுக்குச் சத்தியக்கடதாசி வேண்டும். கணவரின் பிறந்த திகதி இரண்டு இடங்களில் இரண்டு விதம். மூன்றையும் அப்போதே கண்டேன். முதலாவதை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டாம் முறை வந்தபோது இரண்டாவதைச் சொன்னேன். மூன்றாம் முறை வந்தபோது அவர் கோபப்படவில்லை.

"மனே, இன்னும் எத்தன தரம் வரணும் எண்டு சொல்லிப்போட்டா, அதுக்கு ஏத்தமாதிரி பஸ்ஸுக்குக் காசு வெச்சிக்குவன்" என்றார்.

நான் சட்டத்தை மீறவில்லை. லஞ்சம் கேட்கவில்லை. யாரும் என்மீது முறைப்பாடு செய்ய முடியாது. ஆனால் எனக்கு மறுக்கப்பட்ட ஒன்றுக்கான விலையை, அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பெண்ணிடமிருந்து பஸ் காசாக அறவிட்டிருந்தேன். அன்று வீட்டுக்குப் போகும்போது இன்னொன்றும் உறைத்தது. நான் இந்தக் கதிரையில் தங்கியிருப்பதற்குச் சொல்லும் பெரிய காரணமே ஓய்வூதியம்தான். எனக்குப் பிறகு என் மனைவியும் இதே பத்திரங்களோடு இப்படியொரு மேசையின் முன்னால் நிற்பாள். அந்தப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் அன்று காலை ஒரு கடிதம் வந்திருக்கலாம்.

என் அதிருப்தி நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அது எனக்கும் என்னைக் கட்டிவைத்த நிலைமைக்கும் இடையிலான கணக்கு. எங்கள் அலுவலகங்களில் அந்தக் கணக்கை மேலே தீர்க்க முடியாதவர்கள் கீழே தீர்க்கிறோம். இதற்குப் பெரிய கொடுமை எதுவும் தேவையில்லை. தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் போதும். "வாற கிழமை வாங்க" என்ற மூன்று சொற்கள் போதும்.

இதைச் சொல்லும்போது ஓர் ஆபத்தும் இருக்கிறது. மனம் பொருந்தி வேலைசெய்யுங்கள் என்று மேலதிகாரிகள் கூட்டம் போட்டுச் சொல்வதற்கும் இதே நியாயத்தை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து பேரின் வேலையை இருவரிடம் கொடுத்துவிட்டு இன்முகம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்டுத் தலையாட்டுவது சபூர் அல்ல. மேசைக்கு அப்பால் நிற்பவரிடம் அமைதியாக இருப்பதும், மேலே இருப்பவரிடம் வாயைத் திறப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல. நான் அப்போது செய்தது மிகச் சிறிய காரியம். தேவையான பத்திரங்களையும் வழக்கமாக வரும் குறைகளையும் ஒரே தாளில் தமிழில் எழுதி, முதல் நாளிலேயே கொடுக்க அனுமதி கேட்டேன். கிடைக்க நான்கு மாதங்கள் எடுத்தன.

இமாம் கஸ்ஸாலியின் கதையை எங்கள் பயான்களில் அடிக்கடி சொல்வார்கள். பக்தாத் நிழாமிய்யாவில் 1091இல் கிடைத்த மிக உயர்ந்த ஆசிரியப் பதவியை, ஏறத்தாழ ஆறு மாத மனப்போராட்டத்தின் பின் 1095இல் உதறிவிட்டுப் போனவர். பாடம் நடத்த நா எழாத நிலை வரை அது போயிற்று. துறவின் மேன்மைக்கு உதாரணமாக இதைச் சொல்பவர்கள் ஒரு விடயத்தை வேகமாகக் கடந்துபோகிறார்கள். சொத்தைப் பகிர்ந்தளித்தபோது பிள்ளைகளின் சீவியத்துக்குரியதை அவர் ஒதுக்கி வைத்தார் என்பதும் அவரே எழுதிய வரலாற்றில் உண்டு. எழுந்துபோவதற்கு ஈமான் வேண்டும். பின்னால் இருப்பவர்களுக்குச் சோறும் வேண்டும். அது இல்லாதவன் எழாமல் இருப்பதைக் கோழைத்தனம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. 1106இல் அவரும் நிஷாப்பூரில் மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார்.

எழுத்தாளர்களாகிய எங்களுக்கு இன்னொருவர் நெருக்கமானவர். எகிப்தின் நஜீப் மஹ்பூஸ் 1934இல் தத்துவப் பட்டம் பெற்று அரச ஊழியரானார். 1971இல் ஓய்வு பெறும்வரை அதில் இருந்தார். அவரது பெரிய நாவல்களில் பல அந்த வருடங்களில் எழுதப்பட்டவை. பணிப்பாளர் நாயகமாவதற்காகவே வாழ்நாளைச் செலவிடும் ஓர் எழுதுவினைஞனைப் பற்றி 1975இல் ஒரு நாவலும் எழுதினார். நான் மஹ்பூஸ் அல்ல. என்னிடம் இருப்பது இரண்டு சிறுகதைத் தொகுதிகளும் கொஞ்சம் கட்டுரைகளும்தான். ஆனாலும் 'வேலைதான் என்னை எழுதவிடவில்லை' என்ற என் பழைய முறைப்பாட்டை அவரை வாசித்த பிறகு முன்போல் உரத்துச் சொல்ல முடியவில்லை.

2022இல் கதவு திறந்தது. நாடு வங்குரோத்தானபோது, சேவைமூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாமல் ஐந்து வருடங்கள் வரை சம்பளமற்ற விடுமுறை எடுக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. எங்கள் கிளையிலிருந்து ஒருவர் கட்டாருக்குப் போனார். நானும் விண்ணப்பப் படிவத்தை நிரப்பினேன். கொடுக்கவில்லை. தங்கைமார் குடியும் குடித்தனமுமாக இருந்தார்கள். கடன் இல்லை. பிணைகாரரும் இல்லை. முடியாது என்று நான் இருபத்தைந்து வருடங்களாகச் சொல்லிவந்ததற்குள் எத்தனை வீதம் 'மாட்டேன்' இருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது. தொடக்கத்தில் அது முழுக்க உண்மை. எப்போது அது பழக்கமாகவும் பயமாகவும் மாறியதென்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. விட முடியாது என்பவர் வருடத்துக்கு ஒருமுறையாவது அந்தச் சொல்லை எடுத்துப் பரிசோதித்துப் பார்க்கவேண்டும். நான் அதைச் செய்யவில்லை. இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

இந்த வேலையை எனக்கு இப்போதும் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு நெஞ்சில் ஒரு பாரம் வந்து உட்காரும். அதைத் துரத்துவதை விட்டுவிட்டேன். அது என்னோடு அலுவலகத்துக்கு வருகிறது. ஆனால் முன்னால் நிற்பவரின் பத்திரங்களைக் கையில் எடுத்தால், எத்தனை குறைகள் இருக்கின்றன என்பதை முதலில் எண்ணுகிறேன். எண்ணி முடித்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லி அனுப்புகிறேன்.

அந்த மூதாட்டிக்கு நிலுவையோடு ஓய்வூதியம் கிடைத்தது. நான்காவது முறை வந்தபோது ஒரு சொப்பிங் பையில் மரமுந்திரிகைப் பருப்பு கொண்டுவந்தார். அலுவலகத்தில் எதுவும் வாங்கக்கூடாது உம்மா என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். சட்டப்படி அதுதான் சரி. ஆனால் வாங்கத் தகுதியில்லை என்பதுதான் உண்மையான காரணம்.