எது பர்ளு, எது சுன்னத்து?

2025ஆம் ஆண்டு ஜனவரி மாதம். புதிய கல்வியாண்டு 27ஆம் திகதி திங்கட்கிழமை தொடங்க இருந்தது. அதற்கு நான்கைந்து நாட்களுக்கு முன்னர், மஃரிபுக்குப் பிறகு, எங்களூர்க் கடற்றொழிலாளி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். இருக்கச் சொன்னேன், திண்ணையின் ஓரத்திலேயே இருந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார். ஆறாம் வகுப்புக்கு நான் எழுதிக் கொடுத்த பொருட் பட்டியல் அது.

"சேர், கோவிக்கப்படாது. இதில எது பர்ளு, எது சுன்னத்து? அதை மட்டும் சொல்லித் தாங்க" என்றார்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. பதினேழு பொருட்கள். எண்பது பக்கக் கொப்பி இத்தனை, நூற்றியிருபது பக்கக் கொப்பி இத்தனை, சீ.ஆர். கொப்பி இத்தனை, கொம்பாஸ் பெட்டி, வர்ணப் பென்சில், கொப்பிகளுக்கு உறை போடப் பிரவுண் பேப்பர், அதற்கு மேலே போடப் பிளாஸ்ரிக் உறை. ஒரு கொப்பிக்கு இரண்டு உறைகள் எதற்கு? யோசித்துப் பார்த்தேன், விடை கிடைக்கவில்லை. எனக்கு முன்னர் அந்த வகுப்புக்குப் பொறுப்பாக இருந்தவரின் பட்டியலைப் பார்த்து நான் எழுதினேன். அவர் யாருடையதைப் பார்த்து எழுதினாரோ தெரியாது.

அவருக்குப் படிக்கிற பிள்ளைகள் மூவர். மூத்தவன் பதினோராம் வகுப்பு, நடுவிலாள் ஆறு, கடைசி மூன்றாம் வகுப்பு. மூன்று பட்டியலையும் கடையில் கொடுத்து விலை கேட்டிருக்கிறார். சப்பாத்து, பை, தையல் கூலி எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்த வருடம் அஸ்வெசும பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலை உபகரணங்கள் வாங்கவென அரசாங்கம் தலைக்கு 6,000 ரூபா அறிவித்திருந்தது. மூன்று பிள்ளைக்கும் பதினெட்டாயிரம். மிச்சத்துக்குத்தான் அவர் என்னிடம் ஃபத்வா கேட்டு வந்திருந்தார்.

இவ்விடத்தில் எங்கள் பிரதேசத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொட்டியாரக் குடாவைச் சுற்றி வாழ்கிற எங்களுக்கு ஜனவரி என்பது வெறுங்கை மாதம். வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும். மகாவலி கலக்கல் வெள்ளத்தைக் கொண்டு வந்து குடாவில் கொட்டும். சிறு தோணிக்காரர் கரையில்தான் இருப்பார்கள். வெள்ளாமைக்காரரின் காசு வயலில் நிற்கும். பெரும்போகம் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து, மாசி, பங்குனியில்தான் வெட்டுக்கு வரும். மழையில் கூலி வேலையும் குறைவு. மாதச் சம்பளக்காரனான எனக்கு ஜனவரியும் ஜூலையும் ஒன்று. அவருக்கு அப்படியல்ல. வருமானம் அடிமட்டத்தில் நிற்கிற மாதத்தில்தான் பாடசாலை தன் பட்டியலை நீட்டுகிறது. கடலையும் வயலையும் பார்த்துக் கல்வியாண்டை யாரும் வகுக்கவில்லை.

"ஆனி, ஆடியில மீன் படுகிறபோதே சேர்த்து வைத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன். தவறான ஆலோசனையல்ல. எங்களூர்ப் பெண்கள் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். சீட்டுப் பிடிக்கும்போதே மார்கழிச் சீட்டைத் தங்களுக்கென்று கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் கைபேசிக்கும் கண்ணை மூடிக்கொண்டு செலவழித்துவிட்டு, கொப்பி வாங்க மட்டும் கைவிரிக்கிற தகப்பன்மாரும் எங்கள் மத்தியில் உண்டு. இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஆனால் சேமி என்று சொல்லும் உரிமை எனக்கு எப்போது வருகிறது? நான் கேட்கிற பொருள் உண்மையில் அவசியமானதாக இருந்தால்தானே வரும்? அவசியமற்றதைக் கேட்டுவிட்டு, அதற்காகச் சேமிக்கவில்லை என்று ஒருவரைக் குறை கூறுவது எந்த வகை நீதி?

இலவசக் கல்வியின் கதையை நாங்கள் கலாசாலையில் பாடமாகப் படித்தவர்கள். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் கட்டணமில்லாக் கல்வி வந்தது. 1980இல் பாடநூல்கள் இலவசமாயின. 1993இல் சீருடைத் துணி வந்தது. ஒவ்வொன்றும் ஏழைப் பிள்ளையின் வழியில் கிடந்த ஒரு கல்லை அகற்றியது. ஆயினும் துணி இலவசம், தையல் கூலி இலவசமல்ல. பாடநூல் இலவசம், கொப்பி இலவசமல்ல. கால் இருக்கிறது, சப்பாத்து இல்லை. அரசாங்கம் விட்ட இடைவெளியில்தான் எங்களைப் போன்ற ஆசிரியர்களின் பட்டியல்கள் வளர்கின்றன.

நமது அறிஞர்கள் மனிதத் தேவைகளை மூன்றாக வகுத்தார்கள். இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) சொன்னதை ஷாத்திபி (மறைவு 1388) விரித்துரைத்தார். ளரூரிய்யாத் என்பவை, இல்லாவிட்டால் வாழ்வே குலைந்துபோகும் அத்தியாவசியங்கள். ஹாஜிய்யாத் என்பவை, இல்லாவிட்டால் வாழ்வு நெருக்கடிக்குள்ளாகும் தேவைகள். தஹ்ஸீனிய்யாத் என்பவை அழகு சேர்ப்பவை. எழுதக் கொப்பியும் பேனையும் முதல் வகை. பிளாஸ்ரிக் உறை சந்தேகமில்லாமல் மூன்றாம் வகை. சப்பாத்து எந்த வகை?

வெறுங்காலோடும் ரப்பர்ச் செருப்போடும் எங்கள் மூத்தோர் படித்தார்கள். அவர்களின் மூளை குன்றிப் போகவில்லை. அந்தக் கணக்கில் சப்பாத்து அலங்காரம்தான். ஆனால் முப்பத்தைந்து பிள்ளைகள் சப்பாத்தோடு நிற்கிற காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மட்டும் செருப்போடு நின்றால், அன்று அவளுக்கு அது அத்தியாவசியமாகிவிடுகிறது. அடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' என்ற நூலில் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். பண்டைய கிரேக்கர் லினன் துணியில்லாமல் வாழ்ந்தார்கள். தன் காலத்து நாட்கூலிக்காரனோ லினன் சட்டையின்றி வெளியே வர வெட்கப்படுவான் என்கிறார். தோற்சப்பாத்து இங்கிலாந்தில் ஆண், பெண் இருபாலாருக்கும் அவசியம், ஸ்கொட்லாந்தில் ஆண்களுக்கு மட்டும், பிரான்சில் இருவருக்குமே அவசியமில்லை என்றும் எழுதுகிறார். கால் எல்லா நாட்டிலும் ஒரே கால்தான். பார்க்கிற கண்தான் வேறு.

அப்படியானால் ஒரு பொருளை அவசியமாக்குவது பார்க்கிறவர்களின் கண் என்றாகிறது. கண் எங்களுடையது; காசு மட்டும் அந்தத் தகப்பனுடையது. வழக்கத்தை ஏற்படுத்தியவன் ஒருவன், அதற்கு விலை கொடுப்பவன் இன்னொருவன். என்னைக் குற்றவாளியாக்கிய இடம் இதுதான்.

2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் யுத்தத்துக்கு அஞ்சிக் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்து வந்தபோது, நான் ஆசிரியத் தொழிலுக்குப் புதிது. முகாமில் மர நிழலில் பிள்ளைகளை இருத்திப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சீருடை இல்லை. சப்பாத்து இல்லை. பாதி எழுதிய கொப்பிகளின் மறுபாதியில் எழுதினார்கள். பென்சிலை முறித்து இருவர் பகிர்ந்துகொண்டார்கள். பாடம் நடந்தது. 2022இல் நாடே கடனில் மூழ்கி, கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டபோதும், எங்கள் பிள்ளைகள் பழைய கொப்பியில் மிஞ்சிய தாள்களில் கணக்குச் செய்தார்கள். எது பர்ளு என்று காலம் எனக்கு இரண்டு முறை காட்டித் தந்திருந்தது. நிலைமை சற்றுச் சீரானதும் நான் பட்டியலைப் பழையபடி எழுதத் தொடங்கிவிட்டேன்.

அன்றிரவு பேனையை எடுத்துப் பட்டியலில் ஒன்பது பொருட்களை வெட்டினேன். பிறகு, கேட்காமலே ஓர் ஆலோசனையும் சொன்னேன். "மூத்தவனுக்கு சாதாரண தரப் பரீட்சை வருது. இருக்கிற காசில அவனுக்கு முதல் எல்லாத்தையும் வாங்குங்க. மகளுக்குச் சப்பாத்து அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றேன். எதிர்காலப் பலனைக் கணக்கிட்ட ஆலோசனை. நியாயமென்றே எனக்குப் பட்டது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சேர், அவன் பரீட்சைக்குப் போக இன்னும் ஒரு வருசம் கிடக்கு. இவள் திங்கக்கிழமை புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகணுமே. கொப்பி குறைஞ்சா அவன் சமாளிப்பான். வெக்கத்தை இவள் சமாளிக்க மாட்டாள்."

மூன்று பிள்ளைக்கும் சரிசமமாகப் பங்கிடுவது ஒரு நீதி. பலன் தருகிற பிள்ளைக்கு முதலில் கொடுப்பது இன்னொரு கணக்கு. அவர் இரண்டையும் எடுக்கவில்லை. யாரால் எதைத் தாங்க முடியும், யாரால் முடியாது என்று பார்த்தார். அதற்குப் பிள்ளைகளை அருகிலிருந்து அறிந்திருக்க வேண்டும். என் கணக்கில் அந்த அறிவு இல்லை.

திங்கட்கிழமை அவள் சப்பாத்தோடு வந்தாள். இரண்டு வருடம் போட வேண்டுமென்று ஓரளவு பெரிதாக வாங்கியிருந்தார்கள். நடக்கும்போது குதிக்கால் கழன்று கழன்று சத்தம் போட்டது. மூத்தவன் சென்ற வருடக் கொப்பிகளில் எழுதாத தாள்களைக் கழற்றி, வலை பொத்துகிற நூலால் தைத்துக்கொண்டு போனதாகப் பிறகு அறிந்தேன்.

ஆசிரியர் கூட்டத்தில் பட்டியல்களைக் குறைக்க வேண்டுமென்று சொன்னேன். சிலர் ஒத்துக்கொண்டார்கள். ஒரு நண்பர், "பட்டியல் சின்னதென்றால் தாய் தகப்பன்மாரே பள்ளிக்கூடத்தின் தரம் இறங்கிப் போச்சு என்பார்கள்" என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. வெட்கத்தை உற்பத்தி செய்வது பாடசாலை மட்டுமல்ல. வசதியுள்ள பெற்றோரும், ஏன், வசதியற்ற பெற்றோரும்கூட அதில் பங்காளிகள். என் வகுப்புப் பட்டியலில் இப்போது எட்டுப் பொருட்கள் இருக்கின்றன. அதை மார்கழியில் கொடுக்காமல் ஆவணியிலேயே கொடுத்துவிடுகிறேன், கடல் இன்னும் அமைதியாக இருக்கிற காலத்தில். சப்பாத்து விதியை மாற்றுவது என் கையில் இல்லை. செருப்போடு வருகிற பிள்ளையைக் காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இருப்பது என் கையில் இருக்கிறது.

அந்தத் தகப்பனின் கேள்விக்கு முழு விடையும் சொன்னேன் என்று நினைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் பட்டியல் எழுத உட்காரும்போது, பக்கத்தில் அவர் திண்ணையோரத்தில் இருந்து கேட்பதாக நினைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் அவருக்குக் காரணம் சொல்ல முடிந்தால் எழுதுகிறேன். முடியாவிட்டால் விட்டுவிடுகிறேன்.