ஈகையும் ஈடும்: லூக்கா நற்செய்தி காட்டும் வாழ்வுநெறி

நூலைக் கற்பது ஒன்று. கற்ற நூலின் வழி நிற்பது பிறிதொன்று. கல்விக்குத் தக்க ஒழுக்கம் வேண்டும் என்று வற்புறுத்திய வள்ளுவரின் மொழியில் வளர்ந்தவர்கள் நாம். அவர் தந்த அளவுகோலை எந்தச் சமய நூலைப் பயில்வோர்க்கும் வைத்துப் பார்க்கலாம். கிறித்தவ இல்லங்களில் நாள்தோறும் படிக்கப்பெறும் நற்செய்தி நூல்கள் நான்கினுள் லூக்கா எழுதியதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைப் பயில்வோரின் அன்றாட வாழ்வில் அந்நூல் எதைக் கேட்கிறது என்பதை ஈண்டுச் சிந்திப்போம்.

நற்செய்தியை நாம் பெரும்பாலும் துண்டு துண்டாகவே படிக்கிறோம். காலையில் ஒரு பகுதி, இரவில் ஒரு பகுதி, புத்தாண்டு பிறந்தால் ஒரு வாக்குத்தத்த வசனம், சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஒரு வரி என அமைகிறது நம் வாசிப்பு. இவை ஆறுதல் தருவன, இவற்றைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும், துண்டுகளைத் தேர்ந்தெடுப்பவர் நாமே ஆதலால், நமக்கு இனிக்கும் துண்டே நம் கையில் வந்து சேர்கிறது. கசப்பது ஏட்டிலேயே தங்கிவிடுகிறது.

இராஜாராம் மோகன்ராய் 1820-இல் கல்கத்தாவில், நற்செய்தி நூல்களிலிருந்து இயேசுவின் அறவுரைகளைத் திரட்டி ஒரு தொகுப்பாக வெளியிட்டார். அற்புதச் செயல்களையும் வரலாற்றுப் பகுதிகளையும் அவர் பெரிதும் விலக்கினார். செராம்பூரைச் சேர்ந்த மார்ஷ்மன் அதனை எதிர்த்து எழுத, சில ஆண்டுகள் சொற்போர் நடந்தது. சமயக் கொள்கை பற்றிய அப்போரில் நாம் இன்று புக வேண்டுவதில்லை. பிற சமய நூலொன்றின் அறத்தை அத்துணை மதிப்போடு போற்றிய அப்பெரியாரின் நெஞ்சம் வணங்கத்தக்கது. எனினும் ஒன்று கூறலாம். லூக்காவின் நூலில் அறம் உரைகளில் மட்டும் இல்லை. ஒரு நிகழ்ச்சிக்குப் பின் மற்றொரு நிகழ்ச்சி வரும் வரிசையிலும் இருக்கிறது. தாம் அனைத்தையும் ஆராய்ந்து ஒழுங்குபட எழுதுவதாக லூக்காவே முகவுரையில் கூறுகின்றார். அந்த ஒழுங்கைக் காண வேண்டுமாயின், 24 அதிகாரங்களையும் தொடர்ந்து படித்தல் வேண்டும்.

அவ்வாறு படிப்பவர்க்கு ஒரு வினா திரும்பத் திரும்பக் கேட்கும். என்ன செய்வது என்பதே அவ்வினா. 3-ஆம் அதிகாரத்தில் திருமுழுக்கு யோவானிடம் மக்கள் அதனைக் கேட்கின்றனர், வரி தண்டுவோர் கேட்கின்றனர், போர்வீரரும் கேட்கின்றனர். யோவான் அவர்களைத் தம்மைப்போல் பாலைநிலத்தில் வந்து வாழுமாறு அழைக்கவில்லை. இரண்டு அங்கி உடையவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டும். வரி தண்டுவோன் விதித்த அளவுக்குமேல் வாங்கலாகாது. வீரன் எவரையும் மிரட்டிப் பறிக்காமல் தன் ஊதியத்தோடு அமைதல் வேண்டும். இவையே அவர் தந்த விடைகள். ஒவ்வொருவர்க்கும் அவரவர் தொழிலுக்குள்ளேயே விடை கிடைத்தது.

12-ஆம் அதிகாரத்தில் அதே வினாவை ஒரு செல்வன் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறான். விளைச்சல் மிகுந்துவிட்டது, வைக்க இடமில்லை, என்ன செய்வது? களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டுவதே அவன் கண்ட விடை. அன்றிரவே அவன் உயிர் கேட்கப்படுகிறது. 18-ஆம் அதிகாரத்தில் தலைவன் ஒருவன் நிலைவாழ்வு பெற என்ன செய்ய வேண்டுமென்று இயேசுவை வினவுகிறான். உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுக்கும்படி விடை வருகிறது. அவன் பெருஞ்செல்வன்; ஆதலால் துயரத்தில் ஆழ்கிறான். அப்படியாயின் யார்தாம் மீட்புப் பெறக்கூடும் என்று கேட்டோர் திகைக்கின்றனர். மனிதரால் இயலாதது கடவுளால் இயலும் என்னும் கருத்தை இயேசு மொழிகிறார்.

அவ்விடத்தோடு ஏட்டை மூடிவிடுபவன் கலங்கிப் போவான்; அல்லது அந்நெறி துறவியர்க்கே உரியதென்று தன்னைத் தேற்றிக்கொள்வான். அடுத்த அதிகாரத்தைப் புரட்டுபவனோ சகேயுவைக் காண்பான். சகேயுவும் செல்வன், அதிலும் வரி தண்டுவோர்க்குத் தலைவன். யார் மீட்புப் பெறக்கூடும் என்ற திகைப்புக்கு லூக்கா காட்டும் உயிருள்ள விடை அவனே.

குள்ளனாகிய சகேயு காட்டத்தி மரத்தில் ஏறி இயேசுவைக் கண்டதைச் சிறுவரும் அறிவர். மரத்தினின்று இறங்கியபின் அவன் கூறியதைப் பெரியவர்களாகிய நாமும் ஊன்றி எண்ணுவதில்லை. அவன் இரண்டு செய்திகளைக் கூறினான். தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பது ஒன்று. எவரிடமேனும் எதையேனும் வஞ்சித்து வாங்கியிருந்தால் அதனை நான்கு மடங்காகத் திருப்பித் தருவது மற்றொன்று. முன்னது ஈகை, பின்னது ஈடு. இரண்டையும் அவன் ஒன்றாகக் கலக்கவில்லை. பாதிச் செல்வத்தை வழங்கியதனால் பழைய கடன் தீர்ந்தது என்றும் அவன் கருதவில்லை.

நான்கு மடங்கு என்பதும் வாய்க்கு வந்த கணக்கன்று. தன் தவற்றைத் தானே அறிக்கையிடுபவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தாற் போதும் என்பது மோசேயின் சட்டம். திருடிய ஆட்டைக் கொன்றோ விற்றோ விட்டவனுக்கே நான்கு ஆடுகள் தண்டம். சகேயு தனக்குச் சலுகையான விதியை எடுத்துக்கொள்ளவில்லை. கள்வனுக்குரிய தண்டத்தைத் தானே தன்மேல் விதித்துக்கொண்டான். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழியிலேதான் நல்ல சமாரியன் கதையில் வழிப்போக்கன் ஒருவன் கள்வர் கையில் அகப்பட்டான். அவர்கள் அடித்துப் பறித்தனர். எரிகோவில் வரித்துறையில் அமர்ந்தவர்கள் கணக்கேட்டைக் கொண்டு பறிக்க முடிந்தது. பறித்த கருவி வேறாயினும் பறிகொடுத்தவனின் வெறுங்கை ஒன்றே என்பதைச் சகேயு உணர்ந்தான்.

சகேயு கூறும் வினைச்சொற்கள் கிரேக்க மூலத்தில் நிகழ்காலத்தில் நிற்பதால், அவன் முன்னரே அவ்வாறு செய்துவந்தான் என்று கொள்ளும் அறிஞரும் உளர். அன்று பூண்ட உறுதி என்பதே மரபுவழிப் பொருள். எப்பொருள் கொள்ளினும், ஈகைக்கும் ஈட்டுக்கும் அவன் வைத்த வேறுபாடு மாறாது.

இவ்வேறுபாடே நம் அன்றாட வாழ்வில் மறைந்து வருகிறது. ஈகையைச் செய்துவிட்டு ஈட்டை மறந்துவிடுகிறோம். வீட்டு வேலை செய்யும் பெண் காய்ச்சலில் மூன்று நாள் வரவில்லையென்று அவள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்கிறோம். கிறிஸ்துமஸ் வந்ததும் அவளுக்கு ஒரு புடவை எடுத்துத் தருகிறோம். புடவை ஈகை, பிடித்த சம்பளம் ஈடு செய்யப்பட வேண்டிய கடன். புடவையைக் கொடுத்த கை, கடன் கழிந்ததாக எண்ணிக்கொள்கிறது. செல்லாத பயணத்துக்குப் பயணப்படி பெற்றவர் ஆலயத் திருப்பணிக்கு அள்ளிக் கொடுக்கின்றார். அவர் பெயரும் கல்வெட்டில் ஏறுகின்றது. பயணப்படி எந்தக் கருவூலத்திலிருந்து வந்ததோ அந்தக் கருவூலம் அக்கல்வெட்டினால் நிரம்புவதில்லை. ஈகை புகழைத் தரும். ஈடு செய்தலோ, நாம் தவறு செய்தோம் என்பதைப் பிறர் அறியச் செய்யும். நாம் முன்னதை விரும்பிப் பின்னதை அஞ்சுவதற்குக் காரணம் இதுவே.

உடன்பிறந்தாளின் சொத்துப் பங்கைத் தமக்கே வைத்துக்கொண்டு, அவள் மகளின் திருமணத்தில் தாய்மாமன் சீரை ஊர் மெச்சச் செய்கின்றவர்களை நாம் அறிவோம். லூக்காவின் 12-ஆம் அதிகாரத்தில் ஒருவன் வந்து, பாகம் பிரித்துத் தருமாறு தன் உடன்பிறந்தானுக்குச் சொல்லும்படி இயேசுவிடம் முறையிடுகிறான். பாகம் பிரிக்கும் நடுவராக அமர அவர் மறுத்துவிடுகிறார். பேராசையைக் குறித்து எச்சரிக்கிறார். களஞ்சியத்தை இடித்துக் கட்டிய செல்வனின் கதை அதன்பின்னரே வருகிறது. சட்டம் அளக்குமுன் நெஞ்சம் அளந்துகொள்ள வேண்டும் என்பதே அவர் மறுத்ததன் உட்பொருள் எனலாம். நெஞ்சம் அளக்கத் தவறும்போது நீதிமன்றம் அளக்க நேர்கிறது. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்க் கிறித்தவர் வாரிசுச் சட்டம், உயில் எழுதாது இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்கு மகனுடைய பங்கில் கால்பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதையே அளித்தது. மேரி ராய் வழக்கில் உச்சநீதிமன்றம் 1986-இல் அளித்த தீர்ப்பினால்தான் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி அப்பெண்களுக்குச் சமபங்கு உறுதியாயிற்று. நற்செய்தியைத் தலைமுறை தலைமுறையாகப் படித்த குடும்பங்களுக்கு, உடன்பிறந்தாளின் பங்கை நீதிமன்றம் எடுத்துக்கூற வேண்டியிருந்தது என்பது எண்ணி வருந்தத்தக்கதன்றோ?

இவ்விடத்தில் மூன்று தடைகள் எழலாம். மீட்பு அருளால் வருவது. அதனைக் கொடுத்து வாங்க முடியுமா என்பது முதலாவது. முடியாது. சகேயு பணத்தை எண்ணி வைத்தபின் இயேசு அவன் வீட்டுக்கு வரவில்லை. அவன் ஒன்றும் கூறுமுன்னரே, அவன் இல்லத்தில் தங்கப்போவதாக அவர்தாம் அறிவித்தார். அருள் முந்தி வந்தது. ஈடு அதன் பின்னே வந்தது. மரத்தின் வேரைக் கனி உண்டாக்குவதில்லை. ஆயினும் கனியற்ற மரத்தைக் கண்டு வேர் நலமாயிருக்கிறதென்று எவரும் கூறார்.

யாரிடம் வாங்கினோம் என்பதே தெரியாதபோது யாருக்குத் திருப்பித் தருவது என்பது இரண்டாவது தடை. வழிப்போக்கர் பலரிடம் வரி தண்டியவனுக்கும் இத்தடை இருந்திருக்கும். தெரிந்தவர்க்குத் திருப்பித் தருவதும், தெரியாதவர்க்கு உரியதை ஏழைகளிடம் சேர்ப்பதும் நேரிய வழியே. ஆனால் தெரிந்தவர் அடுத்த தெருவில் இருக்கும்போது, தெரியாத ஏழைக்கு வழங்கி அமைதி தேடுவது வழியாகாது.

பணத்தால் திருப்ப முடியாத தீங்குகள் உண்டே என்பது மூன்றாவது. உண்மை. கடுஞ்சொல்லையும், பிறர் இழந்த இளமையையும் நான்கு மடங்காக எவரும் திருப்பித் தர இயலாது. அங்கே மன்னிப்பு வேண்டி நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. திருப்பித் தர இயல்வதைத் திருப்பித் தந்துவிட்டு அவ்வாறு நிற்பவனுடைய வேண்டுதலுக்கே பொருள் உண்டு.

நூலைக் கற்று அதன்வழி நின்றவர் நம் நாட்டில் இலரோ எனின், பண்டித ரமாபாயை நினைவூட்டலாம். 1858-இல் பிறந்து, வடமொழியில் பெரும்புலமை பெற்ற அம்மராட்டியப் பெண்மணி, மணமான பின் அசாமிலுள்ள சில்சாரில் வாழ்ந்தபோது, தம் இல்லத்து நூல்களுக்கிடையே வங்கமொழியில் அமைந்த சிறு ஏடொன்றைக் கண்டெடுத்தார். அது லூக்கா நற்செய்தி. கணவரை 1882-இல் இழந்து, 1883-இல் இங்கிலாந்தில் திருமுழுக்குப் பெற்ற அவர், 1889-இல் பம்பாயில் சாரதா சதனத்தை நிறுவிக் கைம்பெண்களுக்குக் கல்வி அளித்தார். பின்னர்ப் பஞ்சத்தால் ஆதரவிழந்த பெண்களையும் சிறுமியரையும் கெட்காவின் முக்தி இல்லத்தில் ஏற்றுக்கொண்டார். அங்கு அவர் அளித்தது சோறும் கூரையும் மட்டுமன்று. எழுத்தும் தொழிலும் கற்பிக்கப்பட்டன. கைம்பெண்ணுக்குச் சமுதாயம் மறுத்துவந்த கல்வியும் மதிப்பும் அவளுக்கு வர வேண்டிய கடன் அன்றோ? பிறர் ஈகை என்று புகழ்ந்த பணியை, சமுதாயத்தின் கடனை ஈடு செய்த பணி என்று கூறுவதே பொருந்தும். எளிய பெண்களும் படித்தறிய வேண்டுமென்று விவிலியத்தை மராட்டியில் மொழிபெயர்க்கும் பணியில் தம் இறுதி ஆண்டுகளைச் செலவிட்ட அவர், 1922-இல் மறைந்தார்.

நாம் அனைவரும் ரமாபாய் ஆக இயலாது. ஆகவேண்டுமென்று லூக்காவும் கேட்கவில்லை. லேவி அனைத்தையும் விட்டு எழுந்தான். சகேயு பாதியைக் கொடுத்தான். சமாரியன் இரண்டு வெள்ளிக்காசுகளைச் சாவடிக்காரனிடம் தந்தான். ஏழைக் கைம்பெண் இரண்டு செப்புக்காசுகளைக் காணிக்கையாக இட்டாள். அளவு ஆளுக்கு ஆள் வேறுபட்டது. என்ன செய்வது என்னும் வினா மட்டும் எல்லார்க்கும் பொது. லூக்காவின் இரண்டாம் நூலாகிய அப்போஸ்தலர் நடபடிகளிலும், பேதுருவின் உரையைக் கேட்டு நெஞ்சில் குத்துண்டவர்கள் அதே வினாவையே எழுப்புகின்றனர்.

ஆகவே இந்நற்செய்தியைப் பயில்வோர், நாளுக்கு ஓர் அதிகாரமாக, 24 நாள்களில் முதலிலிருந்து முடிவுவரை ஒருமுறை படித்துப் பார்த்தல் நலம். படிக்கும்போது அருகில் ஒரு தாள் இருக்கட்டும். அதில் வசனங்களை எழுத வேண்டா. நாம் யாருக்கு என்ன தர வேண்டியிருக்கிறது என்பதை எழுதுவோம். பிடித்துக்கொண்ட சம்பளம், கொடுக்காத பங்கு, இரவல் வாங்கித் திருப்பாத பொருள், கூறாத மன்னிப்பு ஆகியவை அத்தாளில் ஏறட்டும். 19-ஆம் அதிகாரம் வரும் நாளில் அவற்றுள் ஒன்றையேனும் உரியவரிடம் சேர்ப்பிப்போம். அன்று நாம் நற்செய்தியைப் படித்தோமா என்பதை, நம் கதவைத் தட்டாமலே தனக்குரியதைப் பெற்றுக்கொண்ட அந்த ஒருவர் அறிவார்.