கடல் கடந்தால் வெளிநாடா?

அந்தமானுக்குப் போக பாஸ்போர்ட் வேண்டுமா? சுற்றுலா ஏற்பாடு செய்பவர்களிடம் இந்தக் கேள்வி ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. வேண்டாம் என்பதுதான் விடை. அரசியலமைப்பின் முதல் அட்டவணையில் தமிழ்நாடு இருக்கிறது, அந்தமான் நிக்கோபாரும் இருக்கிறது, லட்சத்தீவும் இருக்கிறது. சென்னையிலிருந்து மதுரைக்கு விமானம் ஏறும்போது எந்த அடையாள அட்டையைக் காட்டுகிறோமோ அதுவே போதும். விடை ஒரு வரியில் முடிந்துவிடுகிறது, ஆனால் கேள்வி முடிவதில்லை. கேட்பவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் படித்தவர்கள். அந்தமான் இந்தியாவைச் சேர்ந்தது என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். அறிவுக்குத் தெரிந்த ஒன்று ஏன் மனத்துக்குள் இறங்கவில்லை? ஓர் இடத்தை நம்முடையது என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்ற பழைய தத்துவக் கேள்வியை, பயணச்சீட்டு எடுக்க வந்தவர் தம்மை அறியாமலே கேட்டுவிடுகிறார்.

நிலம் தொடர்ச்சியாக இருந்தால்தான் அது ஒரே நாடு என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. நாட்டை ஓர் உடலாக, ஒரு தாயாகப் பார்த்துப் பழகியவர்கள் நாம். உடலில் இடைவெளி இருக்க முடியாது. 'காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை' என்று மேடைக்கு மேடை முழங்கும்போது, நாடு முடிகிற இடத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். கன்னியாகுமரி இந்தியாவின் தென்கோடி அல்ல. தென்கோடி, பெரிய நிக்கோபாரில் இருக்கும் இந்திரா முனை; கன்னியாகுமரியைவிட ஒரு பாகைக்கும் மேல் தெற்கே. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தில் அந்த முனையே நான்கு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியது. கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்துகொண்டது. நாட்டின் விளிம்பு கடலுக்குள் அமிழ்ந்ததை நம்மில் எத்தனை பேர் நம் வீட்டு வாசல்படி சரிந்ததாக உணர்ந்தோம்? நிலநடுக்கத்தைத் தொடர்ந்த சுனாமியில் நாகப்பட்டினத்துக்காகவும் கடலூருக்காகவும் அழுதோம். அது நியாயம். நிக்கோபாரின் கச்சால் தீவிலும் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்களில், 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு அந்தத் தீவில் குடியமர்த்தப்பட்ட மலையகத் தமிழரும் இருந்தார்கள். ஒரு கடலைக் கடந்து 'தாயகம்' வந்து, இன்னொரு கடலுக்கு அப்பால் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் இருக்கும் ஊரைத்தான் வெளிநாடோ என்று இங்கே சந்தேகப்படுகிறோம்.

இந்தச் சந்தேகத்துக்கு மதத்திலும் ஒரு வேர் உண்டு. பௌதாயன தர்மசூத்திரம் கடற்பயணத்தைச் சாதியிலிருந்து வீழ்த்தும் பாவங்களுள் ஒன்றாக வைக்கிறது. மனுவின் நூலோ கருமான் இயல்பாக உலவும் நிலமே வேள்விக்கு உரியது, அதற்கு அப்பால் மிலேச்ச நாடு என்கிறது. தர்மத்துக்கே நில எல்லை உண்டு என்பது இதன் பொருள். கரையைத் தாண்டினால் நாடு மட்டுமல்ல, ஆளும் மாறிவிடுகிறான். பிற்காலத்தில் 'காலாபானி' (கறுப்புத் தண்ணீர்) என்ற சொல் சுமந்த திகில் இதுதான். 1858-இல் அந்தமானில் தண்டனைக் குடியிருப்பை அமைத்த ஆங்கிலேயர் அந்தத் திகிலை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். சிறைக்கு மேல் ஒரு சிறையாக, சாதியிலிருந்தும் வீட்டிலிருந்தும் அறுத்தெறியும் தண்டனையாக அந்தக் கடல் அமைந்தது. தடையும் பிராயச்சித்தமும் இன்று பெரும்பாலும் பேச்சில் இல்லை. ஆனால் கரையோடு நம் உலகம் முடிகிறது என்ற உணர்வு, சடங்கு போன பின்னும் தங்கிவிட்டது. இத்தனைக்கும் அதே பௌதாயனம் கடலில் செல்வதை வடதிசையாரின் வழக்கம் என்றும் இன்னோரிடத்தில் குறிக்கிறது. விலக்கி எழுத வேண்டிய அளவுக்கு மக்கள் கடலில் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

தமிழ் மரபில் இதற்கு நேர்மாறான ஒரு பார்வை இருப்பதை மறந்துவிடக் கூடாது. தொல்காப்பியம் நிலத்தைப் பகுக்கும்போது கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் என்ற திணையாகின்றன; அதற்கு வருணன் தெய்வமாகிறான். காடு எப்படி ஒரு நிலமோ, வயல் எப்படி ஒரு நிலமோ, அப்படியே கடலும் மனிதர் வாழ்ந்து, காத்திருந்து, தொழில் செய்யும் நிலம். அங்கே கடல் நிலத்தின் முடிவு அல்ல. மணிமேகலையின் வாழ்க்கை திரும்புகிற இடமும் ஒரு தீவுதான். மணிபல்லவத்தில் இரண்டு நாக அரசர்கள் ஒரு மணிப்பீடத்தை எனதே எனதே என்று சொல்லிப் போரிடுகிறார்கள். புத்தர் வந்து அதில் அமர்ந்து அறம் உரைக்கிறார், போர் நிற்கிறது. எனது என்ற உரிமைக்குரல் அடங்கிய பிறகே அந்தப் பீடம் எல்லோரும் தொழும் பொருளானது. நான் சொல்ல வருவதற்கு இந்தக் கதை மிக அருகில் நிற்கிறது.

நிலத் தொடர்ச்சி பொருந்தாவிட்டால் வேறு எதை அளவுகோலாக வைக்கலாம்? அருகாமை என்றால் அந்தமான் நமக்கு உரியதாகாது. சென்னையிலிருந்து அது ஆயிரம் கி.மீட்டருக்கும் மேல்; இந்திரா முனையிலிருந்து சுமத்ராவோ இருநூறு கி.மீட்டருக்கும் குறைவான தூரம். மியன்மாரின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கித் தலைநீட்டும் சிகரங்களே இந்தத் தீவுகள். அதே வரிசையில் வடக்கே இருக்கும் கோகோ தீவுகள் மியன்மாருக்கு உரியவை. கதிரவனும் நம் பக்கம் சாட்சி சொல்ல மாட்டான். அங்கே இறங்குபவரின் கைக்கடிகாரத்தில் மணி மாறுவதில்லை, ஆனால் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்கிறது. பழைய வெற்றிகளை அளவுகோலாக்கலாமா? ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நக்கவாரத்தைச் சொல்கிறது, நிக்கோபார் சோழர் வென்றது என்று பெருமையோடு நினைவூட்டுபவர்கள் உண்டு. அதே மெய்க்கீர்த்தி கடாரத்தையும் சொல்கிறது. படையெடுப்பு உரிமை தரும் என்றால் மலேசியாவின் கெடாவையும் கேட்க வேண்டிவரும். மொழி என்றால், அந்தமானில் வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்தபடி தமிழ்தான் அதிகம் பேசப்படுகிறது; ஆனால் யாழ்ப்பாணத்தில் அதைவிட அதிகம் தமிழ் பேசுகிறார்கள், அங்கே போக பாஸ்போர்ட் வேண்டும்.

மிஞ்சுவது ஒன்றுதான். ஒரே சட்டத்தின் கீழ் ஒருவருக்கொருவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாக இருப்பது. பாஸ்போர்ட்டின் உள்ளே அச்சிட்டிருப்பதை நிதானமாகப் படித்தால் இது விளங்கும். குடியரசுத் தலைவரின் பெயரால், இவரைத் தடையின்றிப் போகவிடுங்கள், தேவைப்பட்டால் உதவுங்கள் என்று பிற நாட்டவரிடம் வைக்கும் வேண்டுகோள் அது. நமக்குப் பதில் சொல்லக் கடமைப்படாதவர்களிடம்தான் வேண்டுகோள் வைக்கிறோம். சொந்த வீட்டுக்குள் நுழைய யாரும் சிபாரிசுக் கடிதம் கொண்டுபோவதில்லை. இந்தியா முழுவதும் தடையின்றிச் செல்வது பிரிவு 19 குடிமக்களுக்குத் தரும் உரிமை.

அப்படியானால் லட்சத்தீவுக்கு ஏன் அனுமதி கேட்கிறார்கள் என்று இங்கே ஒருவர் மடக்கலாம். நியாயமான கேள்வி. இந்தியக் குடிமகனே ஆனாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் சுற்றிப் பார்க்கக் கவரத்தியில் இறங்க முடியாது. நாகாலாந்து, மிசோரம், அருணாசலத்துக்கும் இத்தகைய அனுமதி உண்டு. அந்த வடகிழக்கு அனுமதிகளின் வேர் 1873-ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சட்டம். ஆனால் உரிமை தந்த அதே பிரிவு 19-இல், பட்டியல் பழங்குடியினரின் நலனைக் காக்க அந்த உரிமையை நியாயமான அளவுக்கு வரையறுக்கலாம் என்றும் எழுதியிருக்கிறது. லட்சத்தீவின் மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பட்டியல் பழங்குடியினர். மொத்த நிலமே 32 சதுர கி.மீ. அந்தச் சீட்டு நம்மை அந்நியராக்குவதில்லை. உள்ளே இருப்பவர்களை நாம் மூழ்கடித்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. மலேசியத் தமிழர்களுக்கு இது புதிதல்ல. கோலாலம்பூரிலிருந்து சபா, சரவாக் போகும் மலேசியர் தம் சொந்த நாட்டுக்குள்ளேயே குடிநுழைவுச் சோதனையைக் கடக்கிறார். அதனால் அவர் வேற்று நாட்டவர் ஆகிவிடுவதில்லை. இதற்கு மறுதலையாகக் கச்சத்தீவு. 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அது இலங்கையின் பக்கம் போனது. அந்த உடன்படிக்கை சரியா தவறா என்பது தனி வழக்கு. ஆனால் அந்தோணியார் திருவிழாவுக்குப் போகும் இந்தியப் பக்தரிடம் பயண ஆவணமோ விசாவோ கேட்பதில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். ராமேசுவரத்துப் படகுகள் பாஸ்போர்ட் இல்லாமல் இன்னொரு நாட்டின் தீவில் கரை ஏறுகின்றன. கையில் இருக்கும் காகிதத்தை வைத்து நாட்டின் எல்லையைக் கணக்கிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எதுவும் வேண்டாம்.

இதைவிடக் கடினமான ஒரு மறுப்பு இருக்கிறது. ஒருவருக்கொருவர் கடமைப்படுவதுதான் நாடு என்றால், அந்தமானின் வடசென்டினல் தீவில் தனித்து வாழும் பழங்குடியினர் எப்போது நம்மோடு உடன்பட்டார்கள்? அவர்கள் உடன்படவே இல்லை. சுனாமிக்குப் பிறகு உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்கப் பறந்த ஹெலிகாப்டரை நோக்கி வில்லை வளைத்தவர்கள் அவர்கள். அவர்களைக் குடிமக்கள் என்று அழைப்பதில் ஒரு வன்முறை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அங்கேயும் கடமை அற்றுப்போகவில்லை. ஒரு பக்கத்துக் கடமையாக, விலகி நிற்கும் கடமையாக மாறுகிறது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அந்தத் தீவையும் சுற்றியுள்ள கடலையும் அடைத்து வைத்திருக்கிறது. தட்டம்மை போன்ற சாதாரண நோயே அவர்களை மொத்தமாக அழித்துவிடக்கூடும். இந்தியக் குடியுரிமையும் அங்கே நுழைய உதவாது, எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் உதவாது. நம்முடையது என்ற சொல்லுக்கு 'நான் போகலாம்' என்ற ஒரே பொருளைத்தான் வைத்திருக்கிறோம். 'நான் போகாமல் காக்க வேண்டும்' என்ற பொருளும் அதற்கு உண்டு. மணிபல்லவத்து நாக அரசர்களுக்கு விளங்காமல் இருந்ததும் அதுதான்.

ஒரு சிறிய அறியாமையை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா, ஒரு வரைபடத்தை மாட்டிவைத்தால் தீர்ந்துவிடாதா என்று சிலர் கேட்கலாம். வரைபடம் ஏற்கெனவே ஒவ்வொரு வகுப்பறையிலும் தொங்குகிறது. பாஸ்போர்ட் கேள்வியால் கெட்டுப்போவது யாருடைய விடுமுறையும் அல்ல. வெளிநாடு என்று மனம் நினைக்கும் இடத்தில் நடப்பதற்கு மனம் பொறுப்பேற்காது. கவலை அங்கே இருக்கிறது. பெரிய நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெயர்ப்புத் துறைமுகமும், விமான நிலையமும், நகரமும் கட்ட 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கப்பட்டது. சுமார் 130 சதுர கி.மீ. காடு அதற்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. தோணியாமை என்ற ராட்சதக் கடலாமை முட்டையிட வரும் கரை அது. ஷோம்பென் மக்களும் நிக்கோபாரிகளும் வாழும் தீவு அது. திட்டம் வேண்டும் என்பவர்களிடம் பாதுகாப்பு, வணிகம் என்று வாதங்கள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு எடைபோடலாம். எடைபோட முதலில் அது நம் காரியம் என்று தோன்ற வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இத்தனை காடு போகிறது என்றால் தமிழ்நாட்டில் டீக்கடை வரை பேசியிருப்பார்கள். அந்தமான் நிக்கோபாருக்கு மக்களவையில் இருப்பது ஒரே ஓர் இடம். மற்ற உறுப்பினர்களில் ஏறக்குறைய அனைவரும் கரையிலிருக்கும் நம்மைப் போன்றவர்களின் வாக்குகளால் போனவர்கள். அந்தக் காட்டைப் பற்றிய முடிவில் நம் கையெழுத்தும் இருக்கிறது.

அடுத்த முறை யாராவது அந்தமானுக்குப் பாஸ்போர்ட் வேண்டுமா என்று கேட்டால் சிரிக்க வேண்டாம். ஆதார் அட்டையோ வாக்காளர் அட்டையோ போதும் என்று சொல்லுங்கள். லட்சத்தீவு என்றால் அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அப்படியே பெரிய நிக்கோபாரில் என்ன நடக்கிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.